ஃபிலியஸ்: பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நெட்வொர்க் நடத்த ஏற்ற மென்பொருள்

பிளஸ் டூ கணினிப் பயன்பாடுகள் எடுக்கும் ஆசிரியர்களுக்கு இது தெரிந்ததுதான். புத்தகத்தின் பின்பாதியில் நெட்வொர்க் பாடங்கள் தொடங்கியதும் வகுப்பு தொய்ந்துவிடும். பேஜ்மேக்கரும் பிஎச்பியும் லேபில் கையால் செய்து பார்த்தவை. தகவல் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வேலையை ஏழாகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ அடுக்குகளுக்கு மட்டும் மனப்பாடம்தான் வழி. வரிசை மாறாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளையிடம், "உன் வீட்டு வைஃபையில் கேட்வே, அதாவது வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வாசல், எது?" என்று கேட்டால் முழிக்கும். அது அந்தப் பிள்ளையின் குற்றம் இல்லை. கண்ணால் பார்க்காத ஒன்றைப் பதினேழு வயதில் எப்படி நம்புவது?

இதற்காக நான் பயன்படுத்துவது ஃபிலியஸ். நெட்வொர்க்கைத் திரையிலேயே கட்டி ஓட்டிப் பார்ப்பதற்கு, ஜெர்மனியில் ஸீகன் பல்கலைக்கழகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்காகவே உருவாக்கிய மென்பொருள். இலவசம், திறந்த மூலம். ஜாவாவில் எழுதியது என்பதால் விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். மெனுக்களை ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளலாம். கணக்குத் தொடங்கச் சொல்வதில்லை, மின்னஞ்சல் கேட்பதில்லை, ஓடும்போது இணையமும் வேண்டாம். பென்டிரைவில் கொண்டுபோய் லேப் முழுக்கப் போட்டுவிடலாம். நெட் வந்தும் வராமலும் இருக்கும் லேபில் பாடம் எடுப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

திறந்தால் மேலே சுத்தியல் படம் ஒன்று, பச்சை அம்புக்குறி ஒன்று. சுத்தியலை அழுத்தினால் வடிவமைக்கும் நேரம்: கம்ப்யூட்டர், லேப்டாப், ஸ்விட்ச், ரவுட்டர் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக் கேபிளால் இணைக்கலாம். பச்சை அம்பை அழுத்தினால் அந்த நெட்வொர்க் உயிர் பெறும். தகவல் போகும் கேபிள் பச்சையாக மின்னும். வேகத்தைக் குறைக்க ஒரு நகர்த்தியும் உண்டு, முதல் வகுப்பில் அதை நன்றாகக் குறைத்து வையுங்கள்.

முதல் பாடத்தை மென்பொருளே அமைத்துக் கொடுக்கிறது. புதிதாகப் போடும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் 192.168.0.10 என்ற அதே ஐபி முகவரிதான் (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்) வரும். பிள்ளைகள் இரண்டை இணைத்து, முகவரியைக் கவனிக்காமல் பச்சை அம்பை அழுத்துவார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு பிங் (அந்தப் பக்கத்திலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுக்கச் சொல்வேன். கேபிள் மின்னாது. தனக்குத்தானே அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்று யாராவது கண்டுபிடித்து, இரண்டாவதை 192.168.0.11 ஆக மாற்றியதும் கேபிள் பச்சையாகும். ஐபி முகவரி ஏன் தனித்தன்மையுடன் இருக்க வேண்டும் என்ற இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அதற்கப்புறம் விடை எழுதிப்போட வேண்டிய அவசியம் இருக்காது.

அடுத்தது, இரண்டு நெட்வொர்க்குகளை இணைக்கும் ரவுட்டர். ஒரு பக்கம் 192.168.0 வரிசை, மறுபக்கம் 192.168.1 வரிசை, நடுவில் ரவுட்டர். கேபிள் எல்லாம் சரி, முகவரி எல்லாம் சரி, ஆனாலும் பிங் போகாது. "மிஸ், சாஃப்ட்வேர் ரிப்பேர்" என்று ஒரு குரல் நிச்சயம் வரும். கேட்வே கட்டம் காலியாக இருப்பதை அவர்களே பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நிரப்பினால் போதாது, திரும்பி வரும் பதிலுக்கும் வழி வேண்டும் என்பதும் அப்போதே புரியும். இந்த ஒரு பயிற்சிக்காகவே ஃபிலியஸை நிறுவலாம் என்பேன்.

ஆனால் என் மனதுக்கு நெருக்கமானது, எந்தக் கம்ப்யூட்டரின் மேலும் வலது கிளிக் செய்தால் திறக்கும் தகவல் பரிமாற்றப் பட்டியல். அந்தக் கம்ப்யூட்டருக்கு வந்ததும் அதிலிருந்து போனதும் வரி வரியாக, அடுக்குக்கு ஒரு நிறத்தில் வரும். ஒரு கம்ப்யூட்டரில் வெப் சர்வரும் இன்னொன்றில் பிரவுசரும் நிறுவிப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். முதலில் ஏஆர்பி கேள்வி: இந்த ஐபி யாருடையது, உன் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் சொந்த எண்) என்ன? பதில் வந்ததும், இணைப்பை ஏற்படுத்தும் டிசிபியின் மூன்று படிக் கைகுலுக்கல்: சின், சின்-ஆக், ஆக். அதற்குப் பிறகுதான் பக்கத்தைக் கேட்கும் பிரவுசரின் கெட் கோரிக்கை, அப்புறம் சரி என்று சொல்லும் சர்வரின் 200 ஓகே. ஒரு வரியின் மேல் கிளிக் செய்தால் அந்த ஒரே தகவலுக்குள் எத்தனை அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன என்று விரிந்து தெரியும். பக்கத்தை மறுபடி திறந்தால் ஏஆர்பி வரிகள் வராது. ஏன் என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். முதல்முறை கேட்டதை அது நினைவில் வைத்திருக்கிறது என்று கடைசி பெஞ்சிலிருந்து பதில் வந்த நாள் எனக்கு மறக்காது.

ஒன்று கவனிக்க: ஃபிலியஸ் காட்டுவது, இணையம் இயங்கும் முறையான டிசிபி/ஐபியின் நான்கு அடுக்குகள். புத்தகத்தின் ஏழு அடுக்குகளோடு இதைக் கரும்பலகையில் நீங்கள்தான் பொருத்திக் காட்ட வேண்டும். தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் பாடத்துக்கும் ஃபிலியஸ் கைகொடுக்கும். ஒரு கம்ப்யூட்டரில் டிஎன்எஸ் சர்வர் நிறுவி, பிள்ளைகள் தங்கள் பெயரிலேயே முகவரி வைத்துப் பார்க்கலாம்.

நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனத்தின் இதே வகை மென்பொருளான பாக்கெட் டிரேசர் இருக்கும்போது இது எதற்கு என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். பாக்கெட் டிரேசர் அருமையானது, அதுவும் இலவசம்தான். கேபிள் வகைகள், வயர்லெஸ், விலான் (ஒரே ஸ்விட்ச்சைப் பல நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது), ரவுட்டருக்குக் கட்டளை எழுதுவது எல்லாம் அதில் உண்டு. ஆனால் அதைப் பதிவிறக்க சிஸ்கோ கணக்கு வேண்டும். அம்மாவின் போனில் மட்டும் மின்னஞ்சல் வைத்திருக்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கணக்குத் தொடங்குவதற்குள் பீரியட் முடிந்துவிடும். ரவுட்டரின் போர்ட் அணைந்தேதான் வரும், 'நோ ஷட்டவுன்' கொடுத்து எழுப்ப வேண்டும். ஸ்விட்ச்சில் செருகிய கேபிள் அரை நிமிடம் ஆரஞ்சு நிறத்தில் நிற்கும். காரணம், தகவல் வட்டமடிக்காமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ, அதைப் பிளஸ் டூ வகுப்பில் விளக்கப் புகுந்தால் பாடம் வேறெங்கோ போய்விடும். பொறியியல் கல்லூரியிலோ சிஸ்கோவின் சிசிஎன்ஏ சான்றிதழுக்குப் படிக்கும்போதோ பாக்கெட் டிரேசர் வேண்டும். முதன்முதலாக நெட்வொர்க்கைத் தொடும் பிள்ளைக்கு ஃபிலியஸ்தான் சரி.

குறைகளும் உண்டு. கேபிள் என்றால் ஒரே கேபிள்தான். நேர் கேபிள், கிராஸ்ஓவர் என்ற பேச்சே இல்லாததால் கேபிளிங் பாடத்துக்கு இது உதவாது. அதற்கு ஆர்ஜே45 கனெக்டர்களும் அவற்றைக் கேபிள் முனையில் பொருத்தும் ஒரு கிரிம்பிங் கருவியும் வாங்கி, ஆரஞ்சு-வெள்ளையில் தொடங்கிப் பழுப்பில் முடியும் எட்டுக் கம்பி வரிசையைப் பிள்ளைகள் விரலால் அடுக்கிப் பார்ப்பதுதான் வழி. பரிமாற்றப் பட்டியலின் எழுத்து புரொஜெக்டரில் கடைசி வரிசைக்குத் தெரிவதில்லை. பிங் போன்ற கட்டளைகளுக்குக்கூட ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் கட்டளை வரியைத் தனியாக நிறுவ வேண்டும். அதுவும் பச்சை அம்பு அழுத்திய பிறகுதான் முடியும். சுத்தியல் நிலையில் தேடிச் சலிக்கும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பலர் தொடாமல் விடும் ஒரு வசதி, மோடம். லேபில் இரண்டு நிஜ சிஸ்டங்களில் ஃபிலியஸ் திறந்து, இரண்டிலும் மோடம் வைத்து, ஒன்றை இணைப்புக்காகக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, மற்றொன்றில் முதல் சிஸ்டத்தின் உண்மையான ஐபியைக் கொடுத்தால், இரண்டு பிள்ளைகள் தனித்தனியாகக் கட்டிய நெட்வொர்க்குகள் ஒன்றாகிவிடும். அந்த உண்மையான ஐபியை அறிய அவர்கள் விண்டோஸிலேயே ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையை அடிக்க வேண்டும். திரையில் கற்பனையாகப் பார்த்த அதே வரிகள் நிஜ சிஸ்டத்திலும் வரும். ஒருத்தி மின்னஞ்சல் சர்வர் வைத்தால் அடுத்த வரிசையில் இருப்பவன் அதற்குக் கடிதம் போடலாம். விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்டால் கொடுக்க வேண்டும். லேப் சிஸ்டங்களில் அட்மின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று வகுப்புக்கு முந்தைய நாளே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.