சீலியாக் டெஸ்ட் எடுக்கும் முன்னால் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள்

ஓயாத வயிற்றுப்போக்கு, உப்புசம், எத்தனை இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் ஏறாத ஹீமோகுளோபின். இரண்டு வருடம் இப்படி அலைந்த பிறகு ஓர் உணவு ஆலோசனை மையத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் நான் சொன்னதை ஐந்து நிமிடம்கூடக் கேட்கவில்லை. "உங்களுக்குக் குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கே கோதுமையை நிறுத்துங்கள்" என்றார். குளூட்டன் என்பது கோதுமையில் இருக்கும் புரதம். கையோடு ரத்தமும் எடுத்தார்கள். பெரிய தொகை. வந்த ரிப்போர்ட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட உணவுகள், சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கட்டம் கட்டமாக. அது ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை அளக்கும் பரிசோதனையாம். நாம் சாப்பிடும் பொருளுக்கு ரத்தத்தில் ஐஜிஜி இருப்பது இயல்புதான். குளூட்டனால் குடல் கெடும் சீலியாக் நோயைக் கண்டுபிடிக்க அது உதவாது. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஒரு சத்துப்பொடி டப்பாவையும் தலையில் கட்டினார்கள். முன்பக்கம் கொட்டை எழுத்தில் 'கோதுமை இல்லாதது'. பத்து நாள் குடித்த பிறகு திருப்பிப் பார்த்தால், பொடி எழுத்தில் 'பார்லி மால்ட் சாறு'. பார்லியிலும் ரை என்ற தானியத்திலும்கூடக் குளூட்டன் உண்டு. போன் செய்து கேட்டேன். "கொஞ்சம்தானே" என்றார்கள். அந்தப் பதிலை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. 'குளூட்டன் இல்லாதது' என்று எழுத சர்வதேச அளவுகோலே கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான்.

நான்கு மாதம் கழித்து வயிற்று மருத்துவரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "கோதுமையை நிறுத்தி எத்தனை நாள் ஆகிறது?"

சீலியாக் சாதாரண ஒவ்வாமை இல்லை. குளூட்டன் உள்ளே போனால் நம் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்கி, சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகளைத் தேய்த்துவிடும். மாத்திரை போட்டும் இரும்பு ஏறாததற்கு அதுதான் காரணம். குளூட்டனை நிறுத்தினால் குடல் ஆறத் தொடங்கும், ரத்தத்தில் எதிர்ப்பொருளும் குறைந்துவிடும். அந்தச் சமயத்தில், அந்த எதிர்ப்பொருளை அளக்கும் டிடிஜி-ஐஜிஏ ரத்தப் பரிசோதனை எடுத்தால், நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். எனக்கு அப்படித்தான் வந்தது.

அப்புறம் என்ன, மருத்துவர் கண்காணிப்பில் ஆறு வாரம் மறுபடி கோதுமை சாப்பிட வேண்டியதாயிற்று. விஷம் என்று தெரிந்தே தினமும் வாயில் வைப்பது சாதாரணமில்லை; பல இரவு வலியில் சுருண்டு கிடந்தேன். அதன் பிறகுதான் எண்டோஸ்கோபி, குடல் திசுவை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி எல்லாம் செய்து சீலியாக் என்று உறுதியானது.

இது குடும்பத்தில் வரக்கூடியது. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லோரும் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்றார் மருத்துவர். அடுத்த வாரம் என் மகளுக்கு டெஸ்ட். அதுவரை அவள் தட்டில் தினமும் கோதுமையை நானே பரிமாறுகிறேன்.