டிராகுலா ஒலிநூல்: குரல்களுக்கு ஐந்து நட்சத்திரம், இசைக்கு ஒன்று

பல பேர் குரல் கொடுத்த டிராகுலா ஒலிநூலை ஒரு வாரமாகக் கேட்டு முடித்தேன். நாவலை ஏற்கனவே இரண்டு முறை படித்திருக்கிறேன், அடுத்து என்ன வரும் என்று தெரியும், அப்படியும் விளக்கை அணைக்க மனம் வராமல் கேட்ட இடங்கள் இருக்கின்றன.

பிராம் ஸ்டோக்கர் 1897-ல் வெளியிட்ட இந்த நாவல் நாட்குறிப்பு, கடிதம், தந்தி, செய்தித்தாள் துணுக்கு என்றே போகும். ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறார்கள், முதல் பாதியில் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறவர் வாசகர் மட்டும்தான். ஆளுக்கு ஒரு குரல் வைத்ததில் இது இன்னும் நன்றாக உறைக்கிறது. டிராகுலா பிரபுவின் கோட்டையில் மாட்டிக்கொண்ட இளம் வழக்கறிஞர் ஜோனதன் படும் பாட்டைக் கேட்ட கையோடு, அது எதுவும் தெரியாத லூசி, ஜோனதனுக்கு நிச்சயமான மினாவின் தோழி, கல்யாணப் பேச்சில் பூரித்துப் போவதைக் கேட்டால் வயிற்றைப் பிசைகிறது.

ஜோனதனாகப் படித்தவர் அவசரப்படவே இல்லை. மினாவுக்காகச் சமையல் குறிப்பு வாங்க வேண்டும் என்று சாவகாசமாக எழுதிக்கொண்டு போகிற ஆள், அதே குரலில்தான் கதவிடுக்கு வழியாகப் பிரபு மெத்தை விரிப்பதைப் பார்த்ததையும் சொல்கிறார். அதில் பேயும் இல்லை, ரத்தமும் இல்லை. ஆனால் பிரபுவே மெத்தை விரிக்கிறார் என்றால் இந்த வீட்டில் வேலையாட்களே கிடையாது, அப்படியானால் ராத்திரியில் வண்டி ஓட்டிக் கூட்டி வந்தது யார்? அந்தக் கணக்கை நம்மையே போட வைப்பதில்தான் ஸ்டோக்கரின் கெட்டிக்காரத்தனம். பிரபுவை இங்கிலாந்துக்கு ஏற்றிப்போகும் டிமீட்டர் கப்பலின் தலைவர் எழுதும் குறிப்புகளும் அப்படித்தான்: காற்று, அலை, ஒரு ஆளைக் காணோம், மறுபடி காற்று. அலுவல் பதிவு போல உணர்ச்சி காட்டாமல் படித்திருக்கிறார்கள், ஒவ்வொரு தேதிக்கும் ஆள் குறையக் குறைய அந்த நிதானமே தாங்க முடியவில்லை.

இப்போது குறை. பின்னணி இசை! பிரபு சுவரில் இறங்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னலில் தலை தெரிந்ததும் ஜோனதன் முதலில் ஆர்வமாகத்தான் பார்க்கிறார், கொஞ்சம் வேடிக்கையாகக்கூட இருக்கிறது அவருக்கு, அப்புறம்தான் முழு உடம்பும் வெளியே வந்து தலைகீழாகப் பல்லி மாதிரி ஊர்கிறது. அந்த ஆர்வம் அருவருப்பாக மாறும் நொடிக்காகத்தான் காட்சியே, இங்கே தலை தெரிவதற்கு முன்பே செல்லோ உறுமத் தொடங்கிவிடுகிறது. இந்த வகை நாவல்களின் முன்னோடி ஆன் ராட்கிளிஃப், திகில் மனத்தை விரியச் செய்யும், கோரம் சுருங்கச் செய்யும் என்று பிரித்துச் சொன்னார், அந்தக் கட்டுரை அவர் மறைந்த பிறகு 1826-ல் வந்தது. விரியும் நேரத்தை இசை பறித்துவிட்டது. அதைத் தனியாக அணைக்கவும் வழியில்லை. லூசிக்கு வைத்தியம் பார்க்க வரும் பேராசிரியர் வான் ஹெல்சிங்கின் உச்சரிப்பும் மிகை, சில வரிகளைத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது.

அப்படியும் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன், பூண்டுப் பூ காட்சிக்காகவாவது. ரத்தம் குடிக்கும் பிரபு நெருங்காதிருக்க வான் ஹெல்சிங் லூசியின் கழுத்தில் போட்டிருந்த பூக்களை எடுத்துவிட்டு, காற்று வரட்டும் என்று ஜன்னலையும் கொஞ்சம் திறந்து வைத்ததை அவள் அம்மா காலையில் சந்தோஷமாகச் சொல்கிறார். பெற்ற தாயின் அக்கறை. அங்கே மட்டும் இசையை வைக்கவில்லை, அம்மாவின் குரல் முடிந்ததும் ஒரு நீண்ட மௌனம், அதன் பிறகுதான் வான் ஹெல்சிங்கின் முகம் சாம்பலாக வெளுத்ததை டாக்டர் சீவர்ட் சொல்லத் தொடங்குகிறார். அந்த மௌனத்துக்காக மூன்று முறை பின்னால் ஓட்டிக் கேட்டேன்.