வேலையை விடாமல் பி.எட். என்று சொல்லி 92,000 ரூபாயைப் பிடுங்கிக்கொண்டார்கள்: ஆசிரியராக நினைப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று மதியம் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. நான் அனுப்பிய பதிவு எண்ணில் எந்த மாணவரும் இல்லையாம். இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. வயிறு எரிகிறது. இன்னொருவர் மாட்டிக்கொள்வதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். சேரும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

நான் எம்.எஸ்சி. கணிதம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் 12 ஆண்டுகள் மெர்ச்சன்டைசராக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் காம்பவுண்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன். பின்னம் என்றாலே அழுகிற ஒரு சிறுமி இருந்தாள். ஒரு நாள் பனியன் பெட்டியைத் திறந்து 12 பீஸையும் பாயில் பரப்பி, மூன்றை எடு, அது கால் பெட்டி, நான்கை எடு, அது மூன்றில் ஒரு பங்கு என்று காட்டினேன். அவளே ஆறை எடுத்து வைத்துக்கொண்டு "அரைப் பெட்டி" என்றாள். அன்றைக்கு முடிவெடுத்தேன், இதுதான் என் வேலை என்று. எனக்கு அப்போது வயது 37.

பி.எட். வேண்டும். வேலையை விட்டுவிட்டு இரண்டு ஆண்டுகள் கல்லூரிக்குப் போக வீட்டு நிலைமை இடம் கொடுக்கவில்லை. அந்த நேரத்தில்தான் கோவையில் ஒரு கல்வி ஆலோசனை மையத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. பெயரைச் சொல்லவில்லை. மாடியில் ஓர் அறை, சுவர் முழுக்கப் பட்டம் வாங்கியவர்களின் புகைப்படங்கள். வெளிமாநிலப் பல்கலைக்கழகம், தொலைநிலை பி.எட்., தேர்வுகூட இணையவழியில்தான் என்றார்கள். அங்கீகாரம் உண்டா என்று மூன்று முறை கேட்டேன். ஒவ்வொரு முறையும் பொறுப்பாளர் லேமினேட் செய்த ஓர் ஆணையின் நகலை என் பக்கம் நகர்த்தினார். மஞ்சள் பேனாவால் கோடு போட்டிருந்த வரியை மட்டும் விரலால் காட்டினார். இன்னும் தயங்கினேன். அப்போது அவர் விண்ணப்பத்தைத் திருப்பி வைத்து, "கையெழுத்துப் போடுங்கள், டீச்சர்" என்றார்.

டீச்சர். அதுவரை யாரும் என்னை அப்படி அழைத்ததில்லை. போட்டுவிட்டேன்.

அன்றைக்கு 40,000. இரண்டாம் ஆண்டுக்கு 30,000. செய்முறைத் தேர்வுக் கட்டணம் என்று 22,000. மொத்தம் 92,000 ரூபாய். பாதி என் பி.எஃப். பணம், மீதி அம்மாவின் வளையலை அடகு வைத்தது.

நான் ஏனோதானோ என்று படிக்கவில்லை. கூரியரில் வந்த ஒப்படைவுகளுக்கு ஆறு நோட்டுகள் நிறைய எழுதினேன். குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்பது பற்றி உளவியலாளர்கள் பியாஜேயும் வைகாட்ஸ்கியும் சொன்னதை இரவு 11 மணிக்கு மேல் உட்கார்ந்து படித்து எழுதினேன். அந்த நோட்டுகளை எவரும் பிரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்தும் பயிற்சி எப்போது என்று கேட்டபோதெல்லாம், "அதைக் கல்லூரி பார்த்துக்கொள்ளும், அக்கா" என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

மதிப்பெண் பட்டியல் வந்தது. 84 சதவீதம். ஒரு தனியார் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். தலைமையாசிரியை அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கற்பித்தல் பயிற்சி எந்தப் பள்ளியில் செய்தீர்கள்?" என்று மெதுவாகக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவரே கணினியைத் திறந்து பி.எட். கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் பட்டியலில் அந்தக் கல்லூரியைத் தேடினார். இல்லை. "ஏமாந்துவிட்டீர்களம்மா" என்று சொல்லி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

அதற்குப் பிறகு மூன்று வாரங்கள் அந்த மையத்துக்கு அலைந்தேன். கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு சாக்கு. சார் வெளியூரில் இருக்கிறார். பெயர் இணையதளத்தில் ஏற ஆறு மாதம் ஆகும். அங்கே தேர்தல், அலுவலகம் மூடியிருக்கிறது. நேரில் போய் மூன்று மணி நேரம் காத்திருந்தேன்; பொறுப்பாளர் பின்பக்கப் படி வழியாக இறங்கிப் போய்விட்டார். கடைசியில் ஒரு நாள் போனை எடுத்தார். "ரசீதைப் படித்துப் பாருங்கள் மேடம், அது சேவைக் கட்டணம், திருப்பித் தர முடியாது" என்றார். 92,000 ரூபாய் வாங்கும்வரை டீச்சர், கணக்குக் கேட்டதும் மேடம். எடுத்துப் பார்த்தேன். மூன்று ரசீதிலும் "சேவைக் கட்டணம்" என்றுதான் எழுதியிருக்கிறது, கல்லூரியின் பெயரே இல்லை. லேமினேட் செய்த அந்த ஆணையை அன்றே கைபேசியில் படம் எடுத்திருந்தேன். நேற்று இரவு பெரிதாக்கிப் பார்த்தால், அது பி.எட். ஓராண்டுப் படிப்பாக இருந்த காலத்து ஆணை. 2015-இலேயே அது இரண்டாண்டுப் படிப்பாகிவிட்டது.

விரிவாக எழுத இப்போது மனம் ஓடவில்லை. இவற்றையாவது கவனியுங்கள். தொலைநிலை பி.எட். எல்லோருக்கும் கிடையாது, ஏற்கெனவே நேரடி வகுப்பில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கும், பயிற்சி பெற்றுப் பணியில் இருக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும்தான். என்னைப் போல வேறு வேலையிலிருந்து வருகிறவர்களுக்கு நேரடிப் படிப்புதான் வழி. வகுப்புக்கு 80 சதவீத வருகை, பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீத வருகை வேண்டும். பள்ளிப் பயிற்சியே 20 வாரங்கள். வராமலே முடிக்கலாம் என்று எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாட்டுக் கல்லூரி என்றால் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், அவர்கள் நீட்டும் காகிதத்தைப் பார்க்காதீர்கள். பணத்தைக் கல்லூரியின் கணக்கில் மட்டும் கட்டுங்கள். பி.எட். முடித்தாலும் ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை நடத்த டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேற வேண்டும். சேர்ந்தால் வேலை உறுதி என்பதும் பொய்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாதீர்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915.

மூன்று ரசீதுகளையும் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். காலையில் காவல் நிலையத்துக்குப் போகிறேன். அதே மையத்தில் பணம் கட்டிய வேறு யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.