இலவச சட்ட ஆலோசனை: கடலூர் மாவட்டத்தில் ஒரு முகப்பு அலுவலகத்தில் கண்டவை

கடலூர் மாவட்டத்தில் நீதிமன்றம் இயங்கும் ஊர்களில், வளாகத்துக்குள்ளேயே வட்ட சட்டப்பணிகள் குழு என்ற பெயர்ப்பலகையோடு ஓர் அறை இருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். உள்ளே சென்றவர்கள் குறைவு. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்த அமைப்பு, வழக்கு நடத்த வசதியில்லாதவர்களுக்கு வழக்கறிஞரை அமர்த்தித் தருகிறது என்பது ஓரளவு தெரிந்த செய்தி. வழக்கு எதுவும் இன்னும் தொடங்காத நிலையில், வீட்டுச் சண்டை, வாடகை முன்பணம், திரும்பி வந்த காசோலை போன்றவற்றுக்கு அங்கேயே உட்கார்ந்து ஆலோசனை பெறலாம் என்பது அவ்வளவாகத் தெரியவில்லை. நான் மதிப்பிட விரும்புவது இந்த ஆலோசனைச் சேவையைத்தான். என் பெரியம்மா மகனுக்கு எழுதிக்கொடுத்த செட்டில்மென்ட் பத்திரம் தொடர்பாக, அவருக்குத் துணையாக, இந்த ஆலோசனை தரப்படும் அறையான முகப்பு அலுவலகம் ஒன்றுக்கு இம்மாவட்டத்தில் சென்று வந்தேன். காத்திருந்த வேளைகளில் மற்றவர்கள் கேட்ட கேள்விகளும் காதில் விழுந்தன. எந்த ஊர் அலுவலகம் என்பதையும், கேட்டவர்களை அடையாளம் காட்டும் விவரங்களையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன்.

யாருக்கு இது இலவசம் என்பதில் பெரிய தவறான எண்ணம் நிலவுகிறது. சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே கிடையாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கும் அவ்வாறே. வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம் போன்ற பேரிடர்களால் பாதிக்கப்பட்டவர்களையும் அதே பிரிவு சேர்த்திருக்கிறது. 2004 சுனாமியையும், 2011 டிசம்பரில் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்த தானே புயலையும், 2015 வெள்ளத்தையும் கண்ட மாவட்டம் இது. ஆகவே இந்த வரியை நம் ஊர் மக்கள் அறிந்திருக்க வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன். இந்தப் பட்டியலில் அடங்காதவர்களுக்கு மட்டுமே அரசு நிர்ணயித்த வருமான வரம்பு பார்க்கப்படுகிறது.

பெரியம்மாவின் சிக்கல் பல குடும்பங்களில் இருப்பதுதான். மகன் கடைசிவரை பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கையில் வீட்டை அவன் பெயருக்கு எழுதிவைத்தார். சில ஆண்டுகளில் சாப்பாட்டுக்கே அக்கம்பக்கத்தை எதிர்பார்க்கும் நிலை வந்தது. “பத்திரத்தை ரத்து செய்துவிடலாம், ஆயிரங்களில் செலவாகும்” என்று வெளியில் ஒருவர் சொல்லியிருந்தார். முகப்பு அலுவலகத்தில் இருந்த பெண் வழக்கறிஞர் செலவைப் பற்றிப் பேசுவதற்கு முன்பாகப் பத்திரத்தை வாங்கி வரிவரியாகப் படித்தார். “அம்மா, மகன் உங்களைக் கவனிக்க வேண்டும் என்று இதில் எங்கேனும் எழுதியிருக்கிறதா என்று பார்க்கிறேன்” என்றார். எழுதிக்கொடுத்தவர் தாமாகவே பதிவு அலுவலகத்துக்குச் சென்று ஒருதலையாக ரத்துப் பத்திரம் பதிந்துவிட முடியாது என்றும், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு வேறொரு வழியைத் தருகிறது என்றும் விளக்கினார். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் சொத்தைப் பெற்றவர் அதைச் செய்யத் தவறினால், அந்த மாற்றம் செல்லாது என்று அறிவிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. நம் மாவட்டத்தில் அதற்கு வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். நிபந்தனை இருந்ததா என்பதே இத்தகைய மனுக்களில் முதலில் எழும் கேள்வி. இந்தப் பிரிவை முதியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதையும் அவர் குறிப்பிட்டார்.

அவர் அந்த ஒரு வழியோடு நிறுத்தவில்லை. பத்திரம் ரத்தாகிறதோ இல்லையோ, மாதாந்திரப் பராமரிப்புத் தொகை கேட்கும் உரிமை தனியாக இருக்கிறது என்றும், அச்சட்டப்படி அது மாதம் 10,000 ரூபாய் வரை ஆகலாம் என்றும் சொல்லி, இரண்டையும் சேர்த்தே மனு எழுதித் தந்தார். அதற்குக் கட்டணம் எதுவும் வாங்கவில்லை. வீட்டை மீட்பதா, வயிற்றுப்பாட்டைப் பார்ப்பதா என்று மனம் குழம்பியிருந்த ஒரு முதிய பெண்ணுக்கு, இரண்டையும் ஒரே இடத்தில் கேட்கலாம் என்று தெரிந்ததே பெரிய ஆறுதலாக இருந்தது. மனு இப்போது விசாரணையில் இருக்கிறது. முடிவு எப்படியானாலும் இந்த ஆலோசனையின் தரத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

அங்கு வந்தவர்களின் கேள்விகளைக் கேட்கக் கேட்க, இந்தச் சேவையின் உண்மையான பயன் எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெளிவாயிற்று. அன்றாடத் தகராறுகளில் நியாயம் இல்லாமல் தோற்பவர்களைவிட, நியாயம் இருந்தும் கெடு தவறியதால் தோற்பவர்களே அதிகமாகக் கண்ணில் பட்டார்கள். முந்திரிக்கொட்டை விற்ற பணத்துக்கு வியாபாரி கொடுத்த காசோலை திரும்பி வந்துவிட்டதாக ஒருவர் வந்தார். “அடுத்த மாதம் தருகிறேன்” என்ற பேச்சை நம்பி அவர் காத்திருந்தார். வங்கியிலிருந்து காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் வராவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நடுவரிடம் புகார் தாக்கல் செய்ய வேண்டும். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு வகுத்த கணக்கு இது. அவருக்கு நோட்டீஸ் அனுப்பச் சில நாட்களே மீதமிருந்தன. வழக்கறிஞர் மற்ற வேலையை நிறுத்திவைத்து, அன்றே நோட்டீஸைத் தயாரித்துப் பதிவுத் தபாலில் அனுப்பச் செய்தார். அவர் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளை எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றத்திலேயே புகார் கொடுக்கலாம், வியாபாரியின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை என்று 2015 திருத்தத்தை எடுத்துச் சொன்னதும் அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் பார்த்தேன்.

கடன் வாங்கியவர் எழுதித் தரும் உறுதிச்சீட்டான புரோநோட்டு பற்றிய கேள்வியிலும் கெடுதான் முக்கியம். கேட்டபோது தருவதாக எழுதிய புரோநோட்டின் பேரில் வழக்குப் போட, எழுதிய தேதியிலிருந்து 3 ஆண்டுகள்தான் காலம். அந்தக் காலம் முடிவதற்குள் கடன் வாங்கியவர் சிறு தொகை கொடுத்து, நோட்டின் பின்புறம் வரவு வைத்துக் கையெழுத்திட்டால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 ஆண்டுகள் ஓடத் தொடங்கும். வாய்மொழியாகச் சொல்லும் “தந்துவிடுகிறேன்” என்ற உறுதிக்கு இந்த வலு இல்லை. இதே கடனுக்காகக் காவல் நிலையத்துக்குப் போகலாமா என்று கேட்டவரிடம், வெறும் கடன் பாக்கி உரிமையியல் தகராறு என்றும், கடன் வசூலிப்பது காவல்துறையின் வேலை இல்லை என்றும் தயக்கமின்றிச் சொன்னார்கள். குற்றம் நடந்திருக்கும் இடத்தில் மட்டும், புகாரை எழுத்தில் கொடுத்து மனு ரசீது வாங்க வேண்டும், முதல் தகவல் அறிக்கை பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும், அதற்கும் பலன் இல்லையென்றால் நடுவரை அணுக வேண்டும் என்ற வரிசையைத் தந்தார்கள்.

புதுச்சேரியை ஒட்டி வாழ்கிற நமக்கென்றே எழும் கேள்விகளும் உண்டு. வீட்டுச் சாமான் முதல் வண்டி வரை புதுச்சேரியில் வாங்குவது இங்கு வழக்கம். பொருள் பழுதானால் வழக்கையும் அங்கேதான் போட வேண்டும் என்று எண்ணிப் பலர் விட்டுவிடுகிறார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணமும் இல்லை; காலக்கெடு 2 ஆண்டுகள். வாடகைத் தகராறில் நிலைமை வேறு. கட்டிடம் எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அந்தச் சட்டமே பொருந்தும். கடலூரில் இருக்கும் வீட்டுக்கு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டமும், புதுச்சேரியில் இருக்கும் வீட்டுக்கு அங்குள்ள 1969ஆம் ஆண்டுச் சட்டமும் பொருந்தும். தமிழ்நாட்டுச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், முன்பணத்தை 3 மாத வாடகைக்குள் வைக்கச் சொல்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவாகவும் வேண்டும் என்கிறது. வாடகை பாக்கிக்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிக்க உரிமையாளருக்கு அதிகாரமில்லை. எல்லைக்கு இருபுறமும் ஒரே மொழி பேசி, ஒரே பேருந்தில் போய்வருகிறவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் புலப்படுவதில்லை. இதைப் பொறுமையாக விளக்கிய விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நிலம் பற்றிய கேள்விகள்தான் அதிகம். பட்டா தம் பெயரில் இருப்பதால் இடம் தமக்கே சொந்தம் என்று வாதாடியவரிடம், பட்டா வருவாய்த்துறைப் பதிவு மட்டுமே என்றும், உரிமையை மூலப்பத்திரத்திலிருந்து தொடர்ச்சியாகக் காட்ட வேண்டும் என்றும் கூறி, வில்லங்கச் சான்று எடுத்துவரச் சொன்னார்கள். வேலித் தகராறில் வந்தவரை வழக்குக்கு முன் வட்டாட்சியர் அலுவலகத்தில் நில அளவைக்கு மனுக் கொடுக்க அனுப்பினார்கள். ஓர் அக்கா, “கல்யாணத்துக்கு நகை போட்டு அனுப்பிவிட்டோம், இனி உனக்குப் பங்கில்லை” என்று அண்ணன்கள் சொல்வதாகக் கேட்டார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சுயசம்பாத்தியத்தில் 1956 முதலே மகளுக்குச் சமபங்கு உண்டு. பூர்வீகச் சொத்திலும் 2005 திருத்தத்தின்படி மகள் பிறப்பால் பங்குதாரர், அந்தத் திருத்தம் வந்தபோது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. சீர் செய்ததால் பங்கு போய்விடாது. பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் போடும் கையெழுத்தால் போய்விடும். “படித்துக் காட்டாமல் எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்” என்று அவரிடம் சொன்னதை அந்த அறையில் இருந்த எல்லாப் பெண்களும் கவனித்துக் கேட்டார்கள்.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் சென்ற அலுவலகத்தில் தனியாகப் பேச இடமில்லை. கணவரிடம் அடி வாங்கிய கதையை நான்கு பேர் காதுபடச் சொல்ல ஒரு பெண் பட்ட பாடு எனக்கு வேதனையளித்தது. ஒரு தடுப்புப் பலகை போட்டாலே இது தீரும். அடுத்தது, வழக்கறிஞர்கள் முறைவைத்து வருவதால், மறுமுறை செல்லும்போது வேறொருவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஆலோசனை பெரும்பாலும் வாய்மொழியாகவே கிடைக்கிறது. கெடுத் தேதியையும், செல்ல வேண்டிய அலுவலகத்தையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுப்பதை வழக்கமாக்கினால் பாதி அலைச்சல் குறையும். பெரியம்மாவுக்காக நடந்தவற்றைத் தேதிவாரியாக ஒரே பக்கத்தில் நானே எழுதி எடுத்துச் சென்றேன். புதிதாக வந்த வழக்கறிஞர் அதைப் படித்ததும் நேராகக் கேள்விக்கு வந்தார்.

சமரசத்துக்கு அனுப்பும்போது கூடுதல் எச்சரிக்கை தேவை. சமரசம் பேசித் தீர்க்கும் மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதும் தீர்வு, உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். நிலுவை வழக்கென்றால் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் அதை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. ஒப்புக்கொள்ளும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்பதையும், உடன்பாடு வராவிட்டால் வழக்கு நீதிமன்றத்துக்கே திரும்பும் என்பதையும் கையெழுத்துக்கு முன் சத்தமாகச் சொல்ல வேண்டும். நான் பார்த்தவரை இது சிலருக்குச் சொல்லப்பட்டது, சிலருக்குச் சொல்லப்படவில்லை. சிறு கடன், காப்பீடு, விபத்து இழப்பீடு ஆகியவற்றில் இந்த வழியை மனமாரப் பரிந்துரைப்பேன். பாகப்பிரிவினையில், தம் பங்கின் அளவு முழுதாகத் தெரியாத பெண்கள் அவசரப்பட வேண்டாம்.

நீண்ட உரிமையியல் வழக்கை நடத்திக்கொடுக்கும் தரத்தைப் பற்றி நான் நேரில் கண்டு சொல்ல எதுவும் இல்லை. ஆலோசனைக்கும், நோட்டீஸ், மனு எழுதுவதற்கும் இந்தச் சேவை தரமானது. தாமதிக்காமல் செல்பவர்களுக்கு இதன் பயன் மிகப் பெரியது. செல்லும்போது ஆதார் நகலும், பத்திரம், காசோலை, வங்கிக் குறிப்பு, தபால் உறை உள்ளிட்ட எல்லாத் தாள்களின் நகல்களும் எடுத்துச் செல்லுங்கள். தபால் உறையில் உள்ள முத்திரைத் தேதிகூடக் கணக்கில் வரும். சட்ட உதவியில் நியமிக்கப்படும் வழக்கறிஞருக்கு நீங்கள் பணம் தரக் கூடாது. கேட்டால் சட்டப்பணிகள் குழுவிடமே எழுத்தில் தெரிவிக்கலாம். நேரில் செல்ல இயலாதவர்கள் 15100 என்ற எண்ணில் அழைத்து, தங்கள் வட்டத்துக்குரிய அலுவலகம் எங்கே இருக்கிறது என்பதைக் கேட்டுக்கொள்ளலாம்.