வெள்ளை சன்மைக்காவில் ஏறிய மஞ்சள்: சோப்பா, சோடாவா, பெராக்சைடா?

சமையலறைக் கப்போர்டுக்கு வெள்ளை சன்மைக்கா ஒட்டிய நாலைந்து வருடத்தில் அடுப்பை ஒட்டிய கதவுகள் மட்டும் பழுப்பேறி நிற்கும். உடனே ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எதையும் கையில் எடுப்பதற்கு முன், அந்த மஞ்சள் மேலே படிந்ததா, உள்ளேயே மாறியதா என்று பாருங்கள். சோப்பு நீரில் நனைத்த துணியை ஒரு மூலையில் பத்து நிமிடம் ஒட்டி வைத்துவிட்டுத் துடைத்தால் தெரிந்துவிடும். துணியில் மஞ்சள் வந்தால் அது அழுக்கு.

பெரும்பாலான வீடுகளில் அது எண்ணெய்தான். தாளிக்கும்போது எழும் ஆவி கதவில் படிந்து, சூட்டிலும் காற்றிலும் நாளடைவில் வார்னிஷ் போல இறுகிவிடும். இதற்குப் பாத்திரம் தேய்க்கும் லிக்விடும் வெதுவெதுப்பான நீரும்தான் என் முதல் தேர்வு. தேய்ப்பதைவிட ஊற வைப்பதே முக்கியம். ஆப்பசோடாவும் லேசான காரம் (அமிலத்துக்கு நேரெதிரான அல்கலி) என்பதால் பிசுக்கை இளக்கும். ஆனால் பலர் அதைக் குழைத்துப் பூசித் தேய்க்கிறார்கள். கரையாத துகள்கள் பளபளப்பான சன்மைக்காவில் மெல்லிய கீறல் போடும், அந்தக் கீறல் பிறகு போகாது. ஒரு டம்ளர் நீரில் ஒரு ஸ்பூன் சோடாவை முழுதாகக் கரைத்துத் துணியால் துடையுங்கள், போதும்.

வினிகர் போர் தண்ணீர் விட்டுப்போகும் உப்புத் திட்டுக்கு நல்லது, எண்ணெய்க்கு அல்ல. சோடாவையும் வினிகரையும் கலந்தால் நுரை பொங்கும். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஒன்றின் வீரியத்தை மற்றது அழித்துவிட, மிஞ்சுவது வெறும் உப்புத் தண்ணீர். மேஜிக் ஸ்பாஞ்ச் வேகமாக வேலை செய்யும். ஆனால் அதுவும் சன்மைக்காவின் மேல்பூச்சைப் போலவே மெலமைன் பிசினில் செய்தது, மிக நுண்ணிய உப்புத்தாள் மாதிரி. மேட் கதவில் ஓரிரு முறை பரவாயில்லை, பளபளப்பான கதவில் வேண்டாம்.

மஞ்சள்தூள் கறையின் கதை வேறு. சோப்போ சோடாவோ பட்டதும் அது சிவந்து போகும். பயப்பட வேண்டாம், காரம் பட்டால் மஞ்சளின் நிறம் அப்படித்தான் மாறும். இதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடுதான் சரி. மருந்துக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம். சம அளவு தண்ணீர் கலந்து, டிஷ்யூவில் நனைத்துக் கறைமேல் ஒட்டி, பிளாஸ்டிக் தாளால் மூடி அரை மணி நேரம் விடுங்கள். கையுறை அவசியம். கழற்ற முடிந்த பலகை என்றால் வெயிலே போதும், மஞ்சளின் நிறம் ஒளியில் தானே வெளுக்கும். பிளீச்சிங்கும் கறையை எடுக்கும்தான், ஆனால் கீலை அரிக்கும். வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய சமையலறையில் அது ஆபத்து. பெராக்சைடு இருக்கும்போது அந்த வம்பு எதற்கு?

சரி, ஊற வைத்தும் துணியில் ஒன்றுமே வரவில்லையா? கதவின் உட்புறம் வெள்ளையாகவும் ஜன்னலைப் பார்க்கும் பக்கம் மட்டும் மஞ்சளாகவும் இருக்கிறதா? பல வருட வெயிலில் பொருளே நிறம் மாறியிருக்கிறது. இதை எந்தத் திரவமும் வெளுக்காது. தேய்க்கத் தேய்க்கப் பளபளப்புதான் போகும். இங்கே மூடுவது ஒன்றே வழி.

வாடகை வீட்டுக்கு வினைல் ஸ்டிக்கர் சரி, ஆனால் அடுப்புக்குப் பக்கத்தில் சூட்டில் ஓரம் பிரியும். பெயிண்ட் அடிப்பதென்றால் உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, ஒட்டிப்பிடிக்கும் பிரைமர் அடித்த பிறகே அடிக்க வேண்டும். அவசரத்தில் அதை விட்டால் நகம் பட்ட இடமெல்லாம் உரியும். பிளைவுட் நன்றாக இருந்தால் பழையதன் மேலேயே புது 1 மில்லிமீட்டர் சன்மைக்கா ஒட்டுவதைத்தான் நான் சொல்வேன். செலவு கூடுதல், கதவு தடிப்பதால் கீலையும் சரிபார்க்க வேண்டும், ஆனால் வருடக்கணக்கில் நிற்கும்.

ஆசாரியைக் கூப்பிடுவதற்கு முன் கதவின் விளிம்பையும் ஒருமுறை பாருங்கள். பல வீடுகளில் பலகை வெள்ளையாகவே இருக்கும், சுற்றியுள்ள பிவிசி எட்ஜ் பேண்ட் மட்டும் மஞ்சளாகி மொத்தக் கதவையும் பழசாகக் காட்டும். அந்தப் பட்டையை மட்டும் மாற்றிக் கொடுக்கச் சொன்னால் போதும்.