கொலோனோஸ்கோபிக்கு இரண்டு தடவை பணம் கட்டிய கதை

அப்பாவுக்கு மலத்தில் ரத்தம் போனதால் கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) எடுக்கச் சொன்னார்கள். எங்கள் பக்கம் நல்ல பெயர் உள்ள தனியார் ஆஸ்பத்திரிதான். பணம் கட்டியதும் கவுன்டரில் இருந்த சிஸ்டர் குடலைச் சுத்தமாக்கும் பவுடர் பாக்கெட்டையும் ஆங்கிலத் தாள் ஒன்றையும் நீட்டினார். "ரெண்டு லிட்டர் தண்ணியில கலக்கி முதல் நாள் சாயங்காலம் குடிச்சிடுங்க. காலையில வெறும் வயித்தோட வாங்க." அவ்வளவுதான். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒரு கேள்வி இல்லை. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் அவர்கள் ஃபைலிலேயே இருக்கிறது.

அப்பா வழக்கம்போல் காலையில் சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். மதியம் வரை உட்கார வைத்தார்கள். வியர்த்துக் கொட்டி கை நடுங்க ஆரம்பித்தது. சத்தம் போட்ட பிறகுதான் வந்து பார்த்தார்கள், சுகர் 52. குளுக்கோஸ் ஏற்றி உள்ளே கொண்டுபோனார்கள். கொஞ்ச நேரத்தில் டாக்டர் வெளியே வந்து, "குடல் சுத்தமாகலை, வலது பக்கம் ஒண்ணும் தெரியலை, இன்னொரு நாள் வாங்க" என்றார். பில் மட்டும் முழுசாக வந்தது. இன்னொரு நாளைக்கும் முழுக் கட்டணமாம்! மயக்கம் தெளியாதவரைத் தள்ளுவண்டியில் வாசல் வரை கொண்டுவந்து விட்டார்கள். ஆட்டோவில் ஏற்றும்போதுதான் கையில் வென்ஃப்ளான் (மருந்து ஏற்றக் குத்தும் ஊசிக்குழாய்) அப்படியே இருப்பதைப் பார்த்தோம்.

அந்த சிஸ்டரைத் திட்ட மனசு வரவில்லை. கவுன்டர், போன், ஸ்கோப் ரூம் எல்லாவற்றுக்கும் அவர் ஒருவர்தான். ஆள் போடாமல் காசு பார்ப்பது நிர்வாகம்.

அப்புறம் வேறு இடத்துக்குப் போனோம். அங்கே சிஸ்டரே முன்கூட்டிப் போன் செய்து மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக, பிசுபிசுப்பாக ஆக்கிவிடுமாம், அதை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னார். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை உண்டா, இதயம், கிட்னி பிரச்சினை உண்டா என்றும் கேட்டார். சுகர் மாத்திரை அன்று காலை கூடாது என்று டாக்டரிடம் கேட்டுச் சொன்னார். முதல் நாள் கீரை, விதையுள்ள காய், பழம் வேண்டாம், இளநீர், பால் சேர்க்காத டீ குடிக்கலாம், சிவப்பு நிற ஜூஸ் மட்டும் வேண்டாம், உள்ளே ரத்தம் மாதிரி தெரியும் என்றார். பவுடரை மாலையில் பாதி, விடிகாலையில் மீதி. கடைசியில் மஞ்சள் தண்ணீர் மாதிரி தெளிவாகப் போக வேண்டும், இல்லையென்றால் கிளம்பும் முன் போன் செய்யுங்கள் என்றார். முதல் ஆஸ்பத்திரி மொத்தத்தையும் முதல் நாளே குடிக்கச் சொல்லி மதியம் ஸ்கோப் வைத்தது எவ்வளவு மோசம் என்று அப்போதுதான் புரிந்தது.

வலது பக்கக் குடலில் பாலிப் (உள்சுவரில் வளரும் சின்னச் சதைக்கட்டி) இருந்தது, அங்கேயே எடுத்துவிட்டார்கள். சில வகைப் பாலிப் விட்டால் புற்றுநோயாக மாறக்கூடியது. அப்பா நன்றாக விழித்து, வாயு பிரிந்த பிறகுதான் அனுப்பினார்கள். கடும் வயிற்றுவலி, காய்ச்சல், ரத்தப்போக்கு வந்தால் உடனே வரச் சொல்லி எழுதியும் கொடுத்தார்கள்.

பணம் கட்டும் முன் இதையெல்லாம் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சுத்தமாகவில்லை என்றால் மறுபடி கட்டணம் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். காசு வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பில்லையும் 'சுத்தம் போதவில்லை' என்று எழுதிய ரிப்போர்ட்டையும் இணைத்து எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். பதில் வராவிட்டால் அடுத்தது நுகர்வோர் உதவி எண் 1915தான்.