லோயர் ஆர்ம் போல்ட் முறிந்தால்: ஏற்காடு ஏறும் கார்களில் எது கைகொடுக்கிறது, எது கைவிடுகிறது

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். இந்தப் பாதையில் அடிக்கடி ஏறி இறங்கும் சிறிய கார்களில் முன்பக்க லோயர் ஆர்மின் (சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கீழ்க்கை) புஷ், அதாவது அதன் ரப்பர் உருளை, சீக்கிரம் அடி வாங்குகிறது. இறக்கத்தில் மிதிக்கிற ஒவ்வொரு பிரேக்கின் இழுப்பும் அந்த ரப்பரைத் தாண்டித்தான் பாடிக்குப் போக வேண்டும். புஷ் மாற்றுவது வீட்டு வாசலில் செய்யக்கூடிய வேலைதான். வேலையை முடக்குவது அதைப் பிடித்திருக்கும் போல்ட்.

போல்ட் மரையில்தான் துருப்பிடித்து நிற்கிறது என்று எண்ணித்தான் பலரும் மரையில் எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலும் பிடி அங்கே இல்லை. புஷ்ஷின் நடுவில் ஓர் இரும்புக் குழாய் இருக்கிறது, போல்ட்டின் தண்டு அதற்குள் போகிறது. மழைநீரும் எஸ்டேட் பாதைச் சேறும் அந்த இடுக்கில் தங்கி, இரண்டையும் ஒரே துண்டாக ஒட்டிவிடுகின்றன.

எங்கே பிடித்திருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஸ்பேனரை அழுத்தும்போது தலை கொஞ்சம் திரும்பி, கையை விட்டதும் பழைய இடத்துக்கே வந்தால் தண்டு குழாயோடு ஒட்டியிருக்கிறது. ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. திரும்பி வராமல் கிறீச்சென்று சத்தத்தோடு துளித்துளியாக நகர்ந்தால் மரைத் துரு. எந்தத் தடையும் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்து வெளியே வராவிட்டால், உள்ளே வெல்டு வைத்த நட்டு பிய்ந்துவிட்டது. இந்த மூன்றாவது நிலையில் சப்ஃப்ரேமில் (ஆர்ம் மாட்டியிருக்கும் அடிச்சட்டம்) துளை வெட்டி நட்டைப் பிடிக்க வேண்டியிருக்கும். அதை நல்ல வெல்டிங் பட்டறைக்கு விட்டுவிடுவதே சரி.

மரைத் துருவுக்குத் துரு இளக்கும் ஸ்ப்ரே உண்மையாகவே உதவுகிறது, ஆனால் முந்தைய நாள் இரவே அடித்து, காலையில் இன்னொரு முறை அடிக்க வேண்டும். அடித்த பத்தாவது நிமிடத்தில் ஸ்பேனரில் பைப் போட்டுத் திருகினால்தான் தலை முறிகிறது. கால் சுற்று கழற்றி, மறுபடி இறுக்கி, மீண்டும் கழற்றுங்கள். சுற்றக் கனமாக இருந்தால் அங்கேயே நின்று எண்ணெய் விடுங்கள். குழாய்க்குள் ஒட்டிய போல்ட்டுக்கு இந்த ஸ்ப்ரேயால் பெரிய பயன் கிடையாது. நீளமான இடுக்கில் அது உள்ளே போவதே இல்லை.

அப்படி ஒட்டியதற்கு நேர்வழி அறுப்பதுதான். புது ஆர்மும் புது போல்ட்டும் கையில் வந்த பிறகே தொடங்குங்கள், ஏனென்றால் பழைய புஷ் பிழைக்காது. பிராக்கெட்டுக்கும் (புஷ்ஷை இரு பக்கமும் பிடித்திருக்கும் தகடு) புஷ் குழாய்க்கும் இடையில் பை-மெட்டல் ஆக்சா பிளேடை விட்டு இரண்டு பக்கமும் அறுத்தால் ஆர்ம் அப்படியே கீழே வரும். கிரைண்டர் வேகமானது, ஆனால் அந்த இடத்தில் பிரேக் ஹோஸும் பிராக்கெட்டும் மிக அருகில் இருக்கின்றன. காரை ஜாக்கியை மட்டும் நம்பி நிறுத்தி இதைச் செய்யவே கூடாது. இரண்டு ஸ்டாண்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை.

இனி மரைக்குள்ளேயே முறிந்து நிற்கும் துண்டு. கடையில் விற்கும் ஈஸி அவுட்டை (முறிந்த துண்டில் துளையிட்டு, அதில் இறுக்கித் திருகி எடுக்கும் கருவி) முதலில் எடுக்க வேண்டாம். துருவால் இறுகிய போல்ட்டில் அதுவும் முறியும். அது கடினமாக்கிய எஃகு என்பதால் சாதாரண டிரில் பிட் அதன்மேல் வழுக்கும், அதோடு வீட்டு வேலை முடிந்தது. நீண்ட காலப் பயன்பாட்டில் மிகவும் நம்பத்தக்கது நட்டு வைத்து வெல்டு செய்வதுதான். துண்டின்மேல் ஒரு வாஷர், அதைத் துண்டோடு வெல்டு. அதன்மேல் முலாம் இல்லாத சாதா இரும்பு நட்டு, அதையும் வெல்டு. சிவப்பு அடங்கும்வரை பொறுத்து, மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டினால் நகரும். சூட்டில் துருவின் பிடி உடைவதுதான் இதன் பலம். தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்பை வெல்டுக்கு அருகிலேயே மாட்டுங்கள். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் வெல்டு செய்யாதீர்கள். குளோரின் கலந்த வகை சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும்.

வெல்டிங் வசதி இல்லாவிட்டால் துளையிட வேண்டும். முறிந்த முகத்தை அரத்தால் சமன் செய்து, நடுவில் சென்டர் பஞ்ச் அடிப்பதில்தான் பாதி வெற்றி. அரை மில்லி விலகினாலும் கடைசியில் மரையைத் தின்றுவிடும். M12 (12 மி.மீ. தடிமன்) போல்ட்டுக்கு 4 மி.மீ., 6, 8, 10 என்று கோபால்ட் பிட்டில் படிப்படியாகப் போங்கள். 10.9 தர (போல்ட் தலையில் பொறித்திருக்கும் வலிமைக் குறி) எஃகுக்கு வேகம் குறைவாக வேண்டும்: 4 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று, 8 மி.மீ.க்கு 400. எண்ணெய் விட்டுக்கொண்டே இருங்கள். சீவல் வராமல் தூள் மட்டும் வந்தால் பிட் மழுங்கிவிட்டது, உடனே நிறுத்துங்கள். இடது சுற்று (கழற்றும் திசையில் சுற்றி வெட்டும்) பிட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். துளையிடும்போதே துண்டு பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுவது உண்டு.

புது போல்ட்டைத் தலையில் 10.9 என்று இருக்கிறது என்பதற்காக மட்டும் ஹார்டுவேர் கடையில் வாங்கிவிடக் கூடாது. தண்டில் மரையில்லாத பகுதியின் நீளம் பழையதைப் போலவே இருக்க வேண்டும். முழு மரை போல்ட்டில் பிராக்கெட்டின் விளிம்பு மரையின் பள்ளத்தில் உட்கார்ந்து அங்கேயே விரிசல் தொடங்கும். பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் வேண்டாம்: சாதாரணமாகக் கிடைக்கும் A2-70 வகையின் இழுவிசைத் தாங்குதிறன் 700 மெகாபாஸ்கல், 10.9 தரத்துக்கு 1000. சூடு காட்டிக் கழற்றிய போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள், அதன் பதம் போயிருக்கும்.

தண்டில் மட்டும் தாமிர கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். இப்படிப் போட்ட போல்ட் இரண்டு மழைக்காலம் கழித்தும் சாதாரண ஸ்பேனரில் கழன்று வருகிறது, காய்ந்த நிலையில் போட்டது மறுபடி ஒட்டிக்கொள்கிறது. மரையில் தடவினால் டார்க் ரென்ச்சில் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) அதே அளவுக்குப் போல்ட் கூடுதலாக இழுபடும். சர்வீஸ் மேனுவல் சொன்னால் தவிர வேண்டாம்.

கடைசி இறுக்கல் ஆர்ம் தொங்கும்போது செய்யக் கூடாது. செய்தால் கார் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நிற்கும். புது புஷ் சில மாதங்களில் கிழிவதற்கு இதுவே முக்கியக் காரணம். வேலைக்கு முன், கார் தரையில் நிற்கும்போதே சக்கர ஹப்பின் நடுவிலிருந்து மேலே உள்ள ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பால் ஜாயிண்ட் (ஆர்ம் சக்கரப் பக்கம் சேரும் மூட்டு) அடியில் ஜாக்கி கொடுத்து, அதே அளவு வரும்வரை தூக்கி, மேனுவல் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். அதன் பின் வீல் அலைன்மென்ட்.

இறுக்கியதும் போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரை நெயில் பாலிஷால் ஒரு கோடு போடுங்கள். ஒருமுறை ஏற்காடு ஏறி அடிவாரம் இறங்கியதும் குனிந்து பாருங்கள். கோடு விலகியிருந்தால் அந்த போல்ட்டை மறுபடி இறுக்கி ஓட்ட வேண்டாம். கழற்றி, மரையையும் நட்டையும் பார்த்து, புதியது போடுங்கள்.